எண்ணத் தெரியாதவர்களின் பூகோள அரசியல்

1987இல் இந்தியப் படை ஏன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது? திருகோணமலைத் துறைமுகத்துக்காக. 2009இல் முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது இந்தியா ஏன் வரவில்லை? அதுவும் திருகோணமலைத் துறைமுகத்துக்காகத்தான். 2012இல் அமெரிக்கா ஜெனிவாவில் தீர்மானம் கொண்டுவந்ததற்குக் காரணம் சீனா. அந்தத் தீர்மானத்துக்குப் பல் இல்லாமல் போனதற்குக் காரணமும் சீனா.

புலம்பெயர்ந்த நமது வானொலிகளிலும் தொலைக்காட்சிகளிலும் வார ஏடுகளிலும் ஆண்டுக்கணக்காக விற்பனையாகும் சரக்கு இது. பெயர் பூகோள அரசியல். எது நடந்தாலும் பொருந்தும். அதற்கு நேரெதிரானது நடந்தாலும் பொருந்தும். ஊரில் சாத்திரியார்கூடத் திகதி குறித்துத்தான் பலன் சொன்னார். சொன்னது பிழைத்தால் அடுத்த தடவை சனம் வேறு சாத்திரியாரிடம் போனது. நமது ஆய்வாளருக்கு அந்த அபாயம்கூட இல்லை. 2009 ஏப்ரலில் சர்வதேசம் தலையிடப்போகிறது என்று சொன்னவர்கள், மே மாதம் கழிந்ததும் சர்வதேசம் ஏன் தலையிடவில்லை என்பதை அதே தொனியில், அதே வரைபடத்தை வைத்து விளக்கினார்கள். ஒலிவாங்கியை யாரும் பறிக்கவில்லை.

சென்ற ஆண்டு இங்கே ஒரு நூல் வெளியீட்டில், அரசறிவியலில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு பிள்ளை பேச வந்தாள். இங்கே பிறந்தவள். இலங்கைப் போரைப் பற்றிய தரவுத்தளங்களை ஒப்பிட்டு நான்கு வரைபடங்கள் காட்டினாள். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழும்பி, “பிள்ளை, எங்கட வலியை எண்ணால அளக்கேலாது” என்றார். மண்டபம் கைதட்டியது. பிள்ளை சிரித்துவிட்டு இருந்துவிட்டாள். அந்தக் கைதட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் படிப்பதற்கு ஒரு பெயரும் வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குறிப்பாக ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடத்தைவாதம் என்ற போக்கு அரசறிவியலைப் பிடித்துக்கொண்டது. சர்வதேச உறவுகளுக்கு அது வைத்த கோரிக்கை எளியது. ஒரு நாட்டின் ‘நலன்’ என்பதைக் கண்ணால் காண முடியாது. அது செய்ததைக் காணலாம். தூதரைத் திருப்பி அழைத்தது, கப்பல் அனுப்பியது, கடன் கொடுத்தது, இப்படி வாக்களித்தது. யார், யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்று வரிசைப்படுத்து. உன் கருதுகோளைச் சொல். எது நடந்தால் அது பொய்யாகும் என்பதையும் முன்கூட்டியே சொல். சார்ள்ஸ் மக்கிளெலண்ட் நியூயோர்க் ரைம்ஸ் செய்திகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் குறியீடாக்கினார்.

இதை ஜெனிவாவுக்குப் பொருத்திப் பாருங்கள். 2009 மே சிறப்பு அமர்வில் இந்தியா இலங்கையின் பக்கம் வாக்களித்தது. 2012, 2013 தீர்மானங்களில் இலங்கைக்கு எதிராக. 2014இல் விலகியிருந்தது. 2021, 2022இலும் விலகியிருந்தது. சீனாதான் காரணம் என்றால், எந்த ஆண்டில் எப்படி வாக்களித்தால் சீனா காரணம் இல்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்? பதில் வராது. இன்னொரு கருதுகோளை எடுப்போம்: டில்லி அரசு தமிழ்நாட்டுக் கட்சியொன்றின் தயவில் இருக்கும்போது எதிர்த்து வாக்களிக்கிறது. 2012 பொருந்துகிறது. 2013இல் திமுக கூட்டணியை விட்டு விலகியதே வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்புதான். அந்த அழுத்தத்தோடு அதுவும் பொருந்துகிறது. 2014, 2021, 2022 பொருந்துகின்றன. 2009 பொருந்தவில்லை, அப்போதும் திமுக கூட்டணியில்தான் இருந்தது. அப்படியானால் தேர்தல் முடிந்து பத்து நாள் ஆகியிருந்ததுதான் காரணமா? இருக்கலாம். இப்போது நம்மிடம் அடிபடக்கூடிய ஒரு கருத்து இருக்கிறது. ஆறு வாக்குகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று அந்தப் பிள்ளையே முதலில் சொல்வாள். வானொலியில் அதைச் சொல்ல ஆளில்லை.

உளவியலாளர் பிலிப் டெட்லொக் 284 நிபுணர்களின் அரசியல் எதிர்வுகூறல்களைப் பல ஆண்டுகள் சேர்த்து, பின்னர் நடந்தவற்றோடு ஒப்பிட்டு 2005இல் ஒரு நூல் எழுதினார். எல்லாவற்றையும் ஒரே பெரிய கருத்தால் விளக்குபவர்களே அதிகம் பிழைவிட்டார்கள். ஊடகங்களில் புகழ்பெற்றவர்களும் சிறப்பாகச் செய்யவில்லை. நம்மவர்களை அவர் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் சராசரி உயர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதைக்குரிய ஒருவர் உண்டு: ஹெட்லி புல் என்ற ஆஸ்திரேலியர். 1966இல் அவர் எழுதிய கட்டுரைதான் அந்தப் பெரிய விவாதத்தின் நடுப்புள்ளி. கறாரான நிரூபணத்துக்குள் அடங்கியதை மட்டும் பேசுவோம் என்றால் சர்வதேச உறவுகளில் பேசுவதற்கு மிகக் கொஞ்சமே மிஞ்சும். வரலாறும் தத்துவமும் நிதானித்த தீர்ப்புமே இந்தத் துறையின் கருவிகள் என்றார். அதே ஆண்டு மோர்ட்டன் கப்லான் மறுத்து எழுதினார். அந்த மறுப்பை இன்று தேடி வாசிக்க வேண்டியதில்லை. புல் வாசிக்கப்பட வேண்டியவர். ஆனால் நம் மண்டபத்தில் கைதட்டியவர்கள் புல்லின் கட்சி இல்லை. அவர் கேட்ட தீர்ப்புக்கு வரலாற்றை ஆழப் படித்திருக்க வேண்டும். நமது ஆய்வாளரிடம் இருப்பது ஒரு வரைபடம்; அதில் மூன்று துறைமுகங்கள்.

நடத்தைவாதத்தின் பாவங்களை மறைக்கப்போவதில்லை. 1964இல் அமெரிக்க இராணுவத்தின் பணத்தில் ‘கமலொட்’ என்ற திட்டம் தொடங்கியது. எந்த நாட்டில் எப்போது கிளர்ச்சி வெடிக்கும் என்பதைச் சமூக அறிவியலாளர்களைக்கொண்டு முன்னறிவதே நோக்கம். சிலியில் விடயம் வெளிவந்து நாறியதும் 1965 ஜூலையில் கைவிடப்பட்டது. வியட்நாமில் 1967 முதல் குக்கிராமங்கள் மாதந்தோறும் ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டன. எதிரியின் பிடியிலிருப்பவைக்கு வீ. மாவட்டத்திலிருந்த அமெரிக்க ஆலோசகர் 18 குறிகாட்டிகளை நிரப்புவார், கணினி கூட்டிக் கழிக்கும். அந்த ஆண்டின் முடிவில் தென்வியட்நாமியரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஓரளவு பாதுகாப்பான இடத்தில் இருப்பதாகக் கணக்கு வந்தது. 1968 ஜனவரி முடிவில் டெட் தாக்குதல்.

என் பிழைப்பு, காப்புறுதி நிறுவனங்களின் பழைய பதிவுகளைப் புதிய கணினி முறைமைக்கு மாற்றுவது. குக்கிராமக் கணக்கைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. தன் வேலை வெற்றியா என்று தானே மதிப்பிட்டுப் படிவம் நிரப்பும் அதிகாரியை எந்த நிறுவனத்திலும் பார்க்கலாம். அங்கே குற்றவாளி எண் என்று சொல்வது, திருட்டுக்குத் தராசைக் குற்றம் சொல்வதுபோல. அதோடு, அமெரிக்காவை வியட்நாமுக்கு இழுத்துச் சென்றது எது? ஒரு நாடு விழுந்தால் பக்கத்து நாடுகளும் வரிசையாகச் சரியும் என்ற டொமினோ உவமை. ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த முனிச் பற்றிய நினைவு. இரண்டிலும் ஒரு எண்கூட இல்லை. எண்கள் பிறகுதான் வந்தன. 1969இல் டேவிட் ஈஸ்ரன், நடத்தைவாதத்தின் தந்தைகளில் ஒருவர், அமெரிக்க அரசறிவியல் சங்கத்தின் தலைவராகப் பேசியபோது, நாடு எரிகையில் நாம் நுட்பத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற குற்றச்சாட்டைத் தானே எடுத்துப் பேசினார். நம் வானொலித் துறை அப்படியொரு உரைக்காக இன்னும் காத்திருக்கிறது.

எண்ணுகிறவர்களில் என் ஆள் லூயிஸ் ஃபிறை றிச்சர்ட்சன். ஆங்கிலேயர், குவேக்கர், போரை எதிர்த்தவர். முதல் உலகப் போரில் துவக்குத் தூக்க மறுத்து பிரான்சில் அம்புலன்ஸ் ஓட்டினார். கிடைத்த இடைவெளிகளில் வானிலையைக் கணிதத்தால் முன்னறிய முயன்றார். இன்று கைபேசியில் நாம் பார்க்கும் வானிலை அறிக்கைக்கு அந்தக் கணக்குகளே முன்னோடி. 1920இல் பிரித்தானிய வானிலை அலுவலகம் வான்படை அமைச்சின் கீழ் போனதும் வேலையை விட்டார். பிறகு போர்களை எண்ணத் தொடங்கினார். எல்லைகள் அதிகமுள்ள நாடுகள் அதிகம் சண்டையிடுகின்றனவா என்று பார்க்க எல்லைகளின் நீளத்தைத் தேடினார். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீற்றர், இன்னோரிடத்தில் 1,214 கிலோமீற்றர் என்றிருந்தது. சிறிய அளவுகோலால் அளந்தால் நீளம் கூடுகிறது என்று கண்டவர் அவர்தான். பொது மொழி இருந்தால் போர் குறையும் என்ற நல்ல மனிதர்களின் நம்பிக்கையையும் சோதித்தார். பொதுவாகக் குறையவில்லை. எழுதிக்கொண்டார்.

அவர் நூலின் பெயரில் ‘போர்’ இல்லை. ‘மரணத்தில் முடியும் சச்சரவுகள்’ பற்றிய புள்ளிவிவரம் அது. அவருடைய அளவுகோல் பத்தின் மடக்கை. ஒருவர் கொல்லப்பட்டால் பூச்சியம். பத்துப்பேர் என்றால் ஒன்று. நூறுபேர் என்றால் இரண்டு. உலகப் போர்கள் ஏழுக்கு மேல். ஒற்றைக் கொலையும் உலகப் போரும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

அந்தக் கோட்டைப் பிறகு வந்தவர்கள் வெட்டினார்கள். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் 1963இல் தொடங்கிய போர் ஆய்வுத் திட்டம் 1,000 களமரணங்களைக் கீழ்வரம்பாக வைத்தது. உள்நாட்டுப் போர் என்றால் இரு தரப்பும் உண்மையில் எதிர்த்துப் போரிட்டிருக்க வேண்டும். ஆயுதமில்லாத சனம் வெட்டப்பட்ட 1958க்கும் 1977க்கும் அந்த அட்டவணையில் இடம் கிடையாது. இங்கேதான் நம்மவர்கள் “பார்த்தீர்களா” என்பார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் ஆண்டுக்கு 25 மரணம் என்று வரம்பை இறக்கினார்கள். ஆயுதமற்றவர்களை அரசோ இயக்கமோ கொல்வதை ‘ஒருதலை வன்முறை’ என்று தனி வகையாக்கி, 1989 முதல் எண்ணி வருகிறார்கள். பிழையான அட்டவணையைத் திருத்தியவர்கள் அட்டவணை போடத் தெரிந்தவர்கள். வலியை அளக்க முடியாது என்றவர்களால் ஒரு கட்டத்தைக்கூடச் சேர்க்க முடியவில்லை.

எட்வேட் அசார் கதை இன்னும் நெருக்கமானது. லெபனானில் பிறந்தவர். நாடுகளுக்கிடையிலான நிகழ்வுகளை நாளேடுகளிலிருந்து எடுத்து, இணைப்பு முதல் முழுப்போர் வரை 15 படிகளில் அடுக்கும் பெரும் தரவு வங்கியை உருவாக்கியவர். அரசுகளை எண்ணி எண்ணியே, சண்டைகளின் வேர் அரசுகளுக்கிடையில் இல்லை, ஓர் அரசுக்குள் அடையாளமும் பாதுகாப்பும் மறுக்கப்பட்ட சமூகங்களிடம் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். ‘நீடித்த சமூக முரண்பாடு’ என்ற கோட்பாடு அவருடையது. 1990இல் வந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் லெபனானோடு இலங்கையும் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தை விடாமல் பேசும் நம் மேடைகளில் அசாரின் பெயரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

இனி 2009. இங்கே எண் என்பது சோறு. வன்னியில் 70,000 பேரளவில்தான் இருக்கிறார்கள் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பு சொன்னது. உணவும் மருந்தும் எவ்வளவு போக வேண்டும் என்பது அந்த எண்ணில் தங்கியிருந்தது. போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. உள்ளே இருந்த வைத்தியர்களும் ஐ.நா.வின் உள்ளூர்ப் பணியாளர்களும் குண்டுகளுக்கு நடுவே இறந்தவர்களை எண்ணினார்கள். 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் என்று ஐ.நா. குழுவிடம் கணக்கு இருந்தது. அது குறைவான கணக்காகவே இருக்கும் என்று பின்னர் நிபுணர் குழு சொன்னது. உறுதிப்படுத்த முடியாது என்ற காரணத்தால் அந்த எண்ணைக்கூட ஐ.நா. அப்போது உரத்துச் சொல்லவில்லை. கறாரான நிரூபணம் கேட்டால் பேச ஒன்றும் மிஞ்சாது என்ற புல்லின் எச்சரிக்கை இதைவிடக் கொடூரமாக எங்கும் பலித்ததில்லை. ஆனால் உறுதிப்படுத்து அல்லது வாயை மூடு என்பது புள்ளிவிவரத்தின் நிபந்தனை கிடையாது, அதிகாரியின் நிபந்தனை. புள்ளிவிவரம் தெரிந்தவர் ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று வீச்சைச் சொல்லிவிட்டு, ஏன் அப்படி என்றும் சொல்வார். 2011இல் நிபுணர் குழு 40,000 வரை இறந்திருக்கக்கூடும் என்றது. 2012இல் ஐ.நா.வின் சொந்த விசாரணை, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது.

நமது தரப்பில் சரியாக எண்ணியவர் ஓர் ஆயர். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டு எண்ணும் எங்கிருந்து வந்தன என்று சொன்னார், கழித்தலைக் காட்டினார், கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவில்லை, கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்லும் பாரம் அரசின் தலையில் ஏறியது. நாம் என்ன செய்தோம்? அடுத்த மே மாதமே பதாகையில் ‘146,679 பேர் படுகொலை’ என்று எழுதினோம். கச்சேரிக் கணக்கு கூடுதலாக இருக்கலாமே, பலர் முகாமுக்கு வராமல் வேறு வழியால் வெளியேறியிருக்கலாமே என்று எதிராளி ஒரு வரியில் கேட்டதும், தலை கவிழ்ந்தது நாம்தான். ஆயரின் கேள்வி இப்போதும் நிமிர்ந்து நிற்கிறது. நம் பதாகையால் அதை யாரும் கவனிப்பதில்லை.

இந்த வேலையைச் செய்ய முறை உண்டு. ஊர்க்குளத்தில் எத்தனை மீன் என்று அறிய, நூறு மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுங்கள். பிறகு எண்பது மீனைப் பிடியுங்கள். அதில் நாற்பது அடையாளமுள்ளவை என்றால், குளத்தில் ஏறத்தாழ இருநூறு. மீனுக்குப் பதில் காணாமல்போனோர் பட்டியல்கள்: இரண்டு பட்டியல்களில் எத்தனை பெயர் பொதுவாக வருகிறது என்பதிலிருந்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடலாம். ஒரே குடும்பங்களே எல்லாப் பட்டியலுக்கும் பெயர் கொடுத்திருந்தால் கணக்குச் சாயும். அதனால் பட்டியல்கள் பலவாக இருக்க வேண்டும். 2018இல் மனித உரிமைத் தரவு ஆய்வுக் குழுவும் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்றிட்டமும் இந்த முறையில், 2009 மே 17 முதல் 19 வரை படையினரிடம் சரணடைந்து காணாமல்போனவர்கள் சுமார் 500 பேர் என்று மதிப்பிட்டன. மூன்று நாள். அதற்கு முந்திய மாதங்களுக்கு இப்படிச் செய்வதானால் இன்னும் பல பட்டியல்கள் வேண்டும்.

பட்டியல்களை ஒப்பிடும் இடத்தில்தான் வேலை சிக்குகிறது. இதை நான் தினமும் காப்புறுதிக் கோப்புகளில் பார்க்கிறேன்: தமிழ்ப் பெயர் கணினிக்கு விளங்காது. செ. சிவகுமார், சிவகுமார் செல்வராசா, செல்வராஜா சிவகுமாரன்: மூவரா, ஒருவரா? ஒரு பட்டியலில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், வெளிநாட்டில் நிரப்பிய படிவத்தில் அதுவே குடும்பப் பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு, இயக்கப் பெயர் வேறு. ஆங்கில எழுத்தில் போனால் ஒவ்வொரு கச்சேரி லிகிதரும் ஒவ்வொரு விதம். ஒருவரை மூவராக எண்ணினால் எதிராளி சிரிப்பான். மூவரை ஒருவராக எண்ணினால் இருவர் இரண்டாம் முறை காணாமல்போவார்கள். வெள்ளைக்காரப் புள்ளிவிவரவியலாளரால் தனியாக இதைத் தீர்க்க முடியாது. நம் பெயரிடும் வழக்கம் தெரிந்த, கணினியும் தெரிந்த ஆட்கள் வேண்டும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பகலில் வங்கிகளுக்காக இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

எண் நம் மரபுக்கு அந்நியம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கும் சமூகம் நாங்கள். பிறந்த திகதி, இறந்த திகதி, தாய் தகப்பன், சகோதரங்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையை ஒரு சிறு புத்தகத்தில் பதிந்து, வந்தவர் கையில் கொடுத்து அனுப்புகிறோம். நல்ல தரவுத்தளம் கேட்கும் அத்தனை கட்டங்களும் அதில் உண்டு. முள்ளிவாய்க்காலில் முடிந்த பல குடும்பங்களுக்குக் கல்வெட்டு அடிக்க ஆளில்லாமல் போனது. ஆனால் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. எந்த ஊரில் எந்த வீடு வெறுமையானது என்று தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதில்.

ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலருக்கு ஒவ்வொரு வருடமும் கட்டுரை கேட்டுக் கடிதம் வரும். இந்த முறை இரண்டு சங்கங்களுக்குக் கட்டுரைக்குப் பதில் ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறேன். வீட்டுப் பெயர், பதிவுப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், கடைசியாகக் கண்ட இடம், திகதி (தெரியாவிட்டால் எதற்கு முன், எதற்குப் பின்), சொல்பவர் யார், கண்டதா கேட்டதா. கடைசிக் கட்டத்தை யாரும் வெறுமையாக விடக்கூடாது. நிரப்பியதைப் பொதுவில் போடக்கூடாது. ஊரில் இருக்கும் உறவுகளுக்கு ஆபத்து வரலாம், அதற்கும் முறைகள் உண்டு. ஒரு சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் எடுத்து, மலரில் பூகோள அரசியல் பற்றி ஒரு கட்டுரையும் வருகிறது, இடம் போதாது என்றார். எத்தனை பக்கம் என்று கேட்டேன். பதினாறு என்றார்.